டைப்பிஸ்ட் அக்காவின் வராத நாட்கள்

சிவப்புக் கோடு கீறுகிறவனை எந்தக் கந்தோரிலும் ஒருவருக்கும் பிடிக்காது. காலை எட்டரை மணிக்கு வரவுப் பதிவேட்டைத் திறந்து, கடைசியாகக் கையொப்பம் வைத்தவரின் பெயருக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு. அதற்குப் பிறகு வருகிறவர் கோட்டுக்குக் கீழேதான் பெயர் எழுத வேண்டும். பன்னிரண்டு வருடம் அந்தக் கோட்டைக் கீறியவன் நான். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற நிலத்துண்டில் ஒரு சிறிய அரசாங்க அலுவலகம். பெயர் சொல்ல மாட்டேன், அங்கே வேலை செய்தவர்கள் இன்னமும் சந்தையில் எதிர்ப்படுகிறார்கள். எனக்குத் தரப்பட்டிருந்த வேலை லீவு. யாருக்கு எத்தனை நாள் மிச்சம், யார் வைத்தியச் சான்றிதழ் தரவில்லை, வருத்தமாகிக் கிடக்கிறவர் எப்போது திரும்பி வருகிறார், எல்லாம் என் மேசையில் இருந்தன. "அவன்ட பொண்டாட்டிட சீதனக் காணிய எழுதிக் கேட்ட மாதிரி மூஞ்ச வெச்சிருப்பான்" என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். பின்னால் என்ன, முன்னாலேயே சொல்வார்கள். நானும் சும்மா இருந்தவன் இல்லை. மாமாவின் இழவுக்கென்று மூன்றாம் தடவை லீவு கேட்டு வந்த ஒருவரிடம், "உங்கட மாமாமார் எத்தின பேர் செத்தவங்க எண்டு உங்களவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறேன். அப்படியொரு நாக்கு.

ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலே நாங்கள் வெளியில் பேசாத ஒரு பழக்கம் இருந்தது. யுத்த காலம் முழுக்க, வாவிக்கு அக்கரையில் படுவான்கரையிலிருந்து வருகிற உத்தியோகத்தர்கள் பாதையில்தான் வர வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டைப் படகை. அது எப்போது ஓடும், அந்தக் கரையில் யார் மறிப்பார்கள், இந்தக் கரையில் யார் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்ல ஏலாது. அதனால் கோடு கீறும்போது மேலே நாலைந்து வரியை வெற்றாக விடுவேன். பிந்தி வருகிறவர்கள் அதில் எழுதிக்கொள்வார்கள். இராணுவச் சுற்றிவளைப்பில் மாட்டி வரவே முடியாமல் போனவருக்கு வேறொருவர் பெயரை எழுதி ஒப்பமும் வைத்துவிடுவார். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் காலத்திலிருந்தே இப்படித்தான். ஒருவரும் இதைக் களவென்று நினைத்ததில்லை. மாமாவின் இழவுக்கு முகம் சுளிக்கிற நானும் அந்த வரிகளை விடுவதில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. இப்போது பாலம் போட்டாயிற்று, கந்தோர்களில் விரல் வைக்கிற மெசினும் வந்தாயிற்று. மெசின் யாருக்கும் வரி விடாது. நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

டைப்பிஸ்ட் அக்கா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நாங்கள் கையால் கிறுக்கித் தருகிற கடிதங்களையெல்லாம் தமிழ்த் தட்டச்சு மெசினில் அடித்துத் தருவது அவர் வேலை. யாருடைய கோழிக் கிறுக்கலையும் திருப்பிக் கேட்காமல் வாசிப்பார். "இந்த எழுத்த எழுதினவருக்குக் காலையில சாப்பாடு கிடைக்கல்ல போல" என்று சிரிப்பார். கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த அலைச்சலில் அக்காவின் லீவெல்லாம் கரைந்துவிட்டது. மிஞ்சியது பதினைந்து வயதில் ஒரே மகள். சுனாமிக்கு முந்தின மாதம் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"அரை நாள்தான் தம்பி. புள்ளைக்குக் கணக்குப் பாடத்துக்குப் பரிசு. மேடையில ஏறுறா."

"லீவு இல்ல அக்கா. சம்பளத்த வெட்டித்தான் தரலாம்."

சம்பளம் வெட்டினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். "சரி, இருக்கட்டும்" என்று திரும்பிப் போய் மெசினுக்கு முன்னால் குந்தினார். அன்று பின்னேரம் முழுக்க அந்த மெசின் ஓயவில்லை. எனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது, நான் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமையில் அக்காவின் வீடு அடியோடு போயிற்று. மகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறார். பிள்ளையின் உடலை அன்று பின்னேரமே எடுத்துவிட்டார்கள். அக்காவின் தொடையைத் தகரம் கிழித்திருந்தது, நெஞ்சுக்குள் உப்புத்தண்ணீர் போயிருந்தது. சீனி வருத்தக்காரி, நீரிழிவில் காயம் ஆறாமல் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து, பிறகு படுவான்கரையில் தமக்கையின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். காயம் ஒருவழியாக ஆறியது. ஆனால் ஆள் பாயை விட்டு எழும்பவில்லை.

விடுமுறை கழிந்து பதிவேடு திறந்த முதல் நாள், கந்தோரில் பாதிப் பேர் இல்லை. சிலர் அகதி முகாம்களில் வேலையாக நின்றார்கள், சிலர் சொந்தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வழமைபோல வரிகளை விட்டேன். வெளியில் வேலைக்குப் போனவர்களின் பெயர்களை எழுதினேன். அப்படியே டைப்பிஸ்ட் அக்காவின் பெயரையும் எழுதி, அவருடைய ஒப்பத்தைப் போல ஒன்றையும் வைத்தேன். அந்த அரை நாள் என் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் எழுதினேன். அதற்கடுத்த நாளும் எழுதினேன். நேர்மையான வழி இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரித் துண்டை வைத்து விண்ணப்பம் போட்டால் சுகயீன லீவு, அது முடிந்தால் அரைச் சம்பளம், இல்லாவிட்டால் சம்பளமில்லாத லீவு. சட்டமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதற்கு அக்காவிடம் போய், அந்தப் பாயோரத்தில் குந்தி, "இதில ஒப்பம் வையுங்க" என்று கேட்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவு இல்லை. பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது எவ்வளவோ சுலபம்.

எங்கள் நிர்வாக உத்தியோகத்தரை இனி ஐயா என்றே சொல்கிறேன். ஓய்வுபெற ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூட இருந்த மனிதர். பாதையில் போய் அக்காவை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தார். இரண்டு செவ்விளநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் குந்தியிருந்துவிட்டு வருவார். "அவட லீவ ஒருக்காப் பாத்து ஒழுங்கு செய்யுங்க தம்பி" என்று என்னிடம் சொன்னார். ஓம் என்றேன். பதிவேட்டில் தினமும் கடைசியாகத் தன் சுருக்கொப்பத்தை வைக்கிறவர் அவர். ஒரு நாள் அவருடைய பேனை அக்காவின் பெயரில் வந்து நின்றதைக் கண்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒப்பத்தை வைத்துவிட்டுப் போனார்.

கடலால் பாதிக்கப்பட்ட உத்தியோகத்தருக்குச் சம்பளத்தோடு விசேட லீவு கொடுக்கலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது ஒரு மாதம் ஓடிவிட்டது. அட, இதல்லவா வேணும் என்று விண்ணப்பப் படிவத்தை எடுத்துவிட்டேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. கந்தோருக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கிற ஒருவருக்கு என்ன லீவு? படிவத்தைத் திரும்ப மேசை லாச்சிக்குள் போட்டேன்.

அந்தப் பிள்ளையின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நாங்கள் எல்லாரும் பாதைத்துறை வரை வான் பிடித்து, அக்கரைக்குப் போனோம். புறப்பட முன், வான்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, அவசரமாக உள்ளே ஓடி அக்காவின் பெயரை எழுதிவிட்டுத்தான் ஏறினேன். அங்கே அக்கா சுவரோடு சாய்ந்து இருந்தார். எங்களுக்குச் சோறு போட்டார்கள், சாப்பிட்டோம். எனக்கு அன்று ஒன்றுமே உறைக்கவில்லை.

ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு காலையில் அக்கா வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார், உடம்பு பாதியாகியிருந்தது. பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, வேலையும் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் முதலே பேசி வைத்திருந்தோம். எல்லாரும் அன்பாகத்தான் செய்தோம். தேத்தண்ணீர் வந்தது, பிஸ்கட் வந்தது, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். மெசினின் மேலே இருந்த துணியை அக்காவே எடுத்து மடித்து வைத்தார். அடிக்க ஒரு கடிதமும் இல்லை. மத்தியானம் வரை வெறும் கையோடு குந்தியிருந்துவிட்டு, ஒரு பொலித்தீன் பையோடு என் மேசைக்கு வந்தார்.

"லீவுப் போர்ம் தாங்க தம்பி. ஆஸ்பத்திரித் துண்டெல்லாம் கொண்டந்திரிக்கன்."

"ஒண்டும் தேவையில்ல அக்கா. உங்களுக்கு ஒரு நாளும் லீவு போகல்ல. எல்லாம் நாங்க பாத்துட்டம்."

அவருக்கு விளங்கவில்லை. பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி விரித்தேன். கடவுளே, பெருமையோடு விரித்தேன். அக்கா நின்றபடியே வாசித்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "இது காலக் கழட்டணும் எண்டு டாக்குத்தர் சொன்ன நாள்" என்றார். இன்னும் சில தாள் புரட்டினார். அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது எண்ட புள்ளேட முப்பத்தொண்டு. நீங்களெல்லாம் வந்து சாப்பிட்டுப் போன நாள். அண்டைக்கு நான் எட்டு இருவதுக்குக் கந்தோருக்கு வந்திரிக்கன்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த நாக்கு, என் நீட்டு நாக்கு.

"அரை நாள் இல்லெண்டு சொன்ன புத்தகத்தில இவ்வளவு நாளும் எங்கால வந்த தம்பி?" அவருடைய குரல் உயரவில்லை. "எண்ட புள்ள செத்துப் போயித்தா. நான் வேலைக்கு வரல்ல. அத எழுதுங்க."

அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அக்கா பதிவேட்டில் ஒப்பம் வைக்கவில்லை. எட்டு மணிக்கே வருவார், நாங்கள் கொடுக்கவில்லை என்றால் எங்கள் மேசைகளிலிருந்து தானே கடிதங்களை எடுத்துக்கொண்டு போய் அடிப்பார், நாலேகாலுக்கு எழும்பிப் போவார். பதிவேட்டை அவர் மேசைக்கே கொண்டுபோய் வைத்தேன். புறங்கையால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தாளை வைத்தார். வராத காலத்தில் தவறாமல் வந்த ஆள், வருகிற காலத்தில் பதிவேட்டின்படி வரவில்லை. தொடர்ந்து அறிவிக்காமல் வராதவருக்கு, பதவியை விட்டுப் போனதாகக் கருதப்படுவீர் என்று கடிதம் அனுப்ப வேண்டும். அதை எழுத வேண்டியவன் நான். அடிக்க வேண்டியவர் அவர். சிரிப்பு வரக்கூடிய விசயம்தான், ஆனால் எனக்கு இரண்டு கிழமை சோறு இறங்கவில்லை. புருசனும் பிள்ளையும் வீடும் போன மனுசிக்கு மிஞ்சியிருந்தது அந்தத் தொழில் ஒன்றுதான்.

ஐயா அக்காவைக் கூப்பிட்டார். நானும் நின்றேன்.

"தங்கச்சி, ஒப்பம் வெக்காட்டி உங்கட தொழிலுக்குத்தான் ஆபத்து."

"வராத நாளுக்கெல்லாம் ஒப்பம் இரிக்கித்தானே ஐயா. மறுகா வந்த நாளுக்கு என்னத்துக்கு?"

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பொய்யாக வரவு எழுதியதை ஒப்புக்கொண்டால் விசாரணை வரும், சுருக்கொப்பம் வைத்த ஐயாவின் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த மனுசி தன் தொழிலைத் தானே கொன்றுவிடுவார். இது இரண்டும் எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஐயா மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு குந்தினார். என்னைப் பதிவேட்டோடு வரச் சொன்னார். அக்கா வராத ஒவ்வொரு நாளையும் நான் வாசிக்க வேண்டும். வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் ஐயா சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் 'வரவில்லை, சுகயீனம்' என்று எழுதினார். எல்லாம் எழுதி முடிய மத்தியானமாயிற்று. பிறகு கடிதத்தைச் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். இந்த உத்தியோகத்தருக்கு இந்தக் காலத்துக்கு விசேட லீவு அனுமதிக்க வேண்டும் என்றது முதல் பந்தி. இரண்டாவது பந்தியில், மேற்படி ஒப்பங்கள் என் பணிப்பின் பேரில் இடப்பட்டவை, இதில் வேறெந்த உத்தியோகத்தருக்கும் பொறுப்பில்லை என்று ஐயா சொன்னார்.

அது பொய். அவர் பணிக்கவில்லை. கண்டும் காணாமல் விட்டார், அவ்வளவுதான். எழுதியவன் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தூரத்தில் நிற்கிறேன். வீட்டில் கைக்குழந்தை, எனக்குப் பதவி உயர்வுப் பரீட்சை முடிவு வருகிற நேரம். இப்போது சொல்வோம், இந்த வசனம் முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று நின்றேன். கடிதம் முடிந்துவிட்டது. ஐயா ஒப்பம் வைத்தார். அக்கா எழும்பி வந்து, என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி, அன்றைய நாளுக்குத் தன் பெயரை எழுதினார்.

லீவு கிடைத்தது. அனுமதிக் கடிதம் வந்த அன்று அக்கா அதை இரண்டு தடவை வாசித்தார். "எனக்கொரு கொப்பி வேணும்" என்று கேட்டு, பிரதியை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஐயாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. விசாரணை முடியாமலே ஓய்வுபெற்றார், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் சண்டை மறுபடி மூண்டது. படுவான்கரை இடம்பெயர்ந்து இந்தக் கரையில் வந்து கூடாரத்தில் கிடந்தது, அக்காவின் தமக்கை குடும்பமும் அதில் ஒன்று. யாருக்கு ஒரு கிழவரின் கோப்பு நினைவிருக்கும்? புளியந்தீவில் ஐயாவைச் சில தடவை கண்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். "எப்பிடித் தம்பி, கந்தோரெல்லாம் எப்பிடிப் போகுது?" என்று கேட்பார். நல்லாப் போகுது ஐயா என்பேன். நான் அப்போது பிரதம எழுதுவினைஞன்.

யுத்தம் முடிந்த பிறகு தூங்கிய கோப்புகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. அந்தக் கோப்பும் விழித்தது. இவ்விடயம் தொடர்பாக நீர் அறிந்ததை எழுத்தில் தருக என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஐயாவின் மனைவிக்கு அப்போது புற்றுநோய், மருந்துக்கு அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இருந்தும் என்ன எழுதினேன் தெரியுமா? மேலதிகாரியின் பணிப்பு என்று அறிகிறேன், வேறொன்றும் அறியேன் என்று எழுதினேன். எழுதிக் கொண்டுபோய், அடித்துத் தரும்படி டைப்பிஸ்ட் அக்காவின் மேசையில் வைத்தேன். அவர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது.

அக்கா வாசித்தார். தாளை மெசினில் செருகவில்லை.

"தம்பி, இந்தக் கந்தோர்ல ஆரு எப்பிடி எழுதுவாங்க எண்டு எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் உங்கட எழுத்துகளப் பாத்துத்தானே அடிக்கன்." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புத்தகத்தில எண்ட பேர எழுதினது நீ."

அத்தனை வருடத்தில் அவர் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"அண்டைக்கே தெரியுமா அக்கா?"

"விரிச்ச உடனயே தெரியும். ஐயாவுக்கும் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்கக்க, நீ ஒரு சொல்லுச் சொல்லுவாய் எண்டு ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தம்."

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோசமாகப் போயிருப்பேன். மேசையோரத்தில் நின்றபடியே வேறொரு தாள் எடுத்தேன். பணித்தவர் யாருமில்லை, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எழுதியவன் நானே என்று எழுதினேன். அரை நாள் லீவை மறுத்ததையும் எழுதினேன், அது விசாரணைக்குத் தேவையில்லாத விசயம். அந்த ஒரு தாளால் என் சம்பள உயர்ச்சி இரண்டு முறை நின்றது. ஐயாவுக்கு நிறுத்தி வைத்ததெல்லாம் கிடைத்தது, அவருடைய மனைவி உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது. ஆனால் இதெல்லாம் பிறகு.

அக்கா அதை வாங்கி, பிழையில்லாமல் ஒரே மூச்சில் அடித்தார். அரை நாள் வந்த வரியில் மட்டும் கண்ணைத் துடைத்தார். தாளை உருவி எடுத்து என் முன்னால் வைத்து, தன்னுடைய பேனையைத் திறந்து நீட்டினார்.

"இந்தா. ஒப்பத்த வை," என்றார். "உண்ட ஒப்பத்த."